நிலாவைக் கேட்ட பையனும் தீவிலிருந்து வந்த குரலும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் சேலையூர் பக்கம் காய்கறி வாங்கப் போனபோது பழைய மாணவன் ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், ஞாபகம் இருக்கா? நிலாவுல ரேடியோ அலையை அடிச்சுத் திருப்பிப் பிடிக்க முடியுமான்னு கேட்டேனே?"

மறக்குமா? பத்தாம் வகுப்பில் அவன் அப்படிக் கேட்டதும் நான், "அதனால யாருக்குடா பிரயோஜனம்? முதல்ல பரீட்சைக்குப் படி" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

அவன் கேட்டது கற்பனை அல்ல. 1946 ஜனவரியில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் நிலாவுக்கு அலை அனுப்பி எதிரொலியைப் பிடித்துவிட்டார்கள். 1960ல் 'ஹாம்' என்று சொல்லப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் நிலா வழியாகவே ஒருவரோடு ஒருவர் தொடர்பு கொண்டார்கள். நிலா சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அலை போய்த் திரும்ப இரண்டரை விநாடி ஆகும். திரும்பி வருவது மிக மெல்லிய முனகல்தான். அதைப் பிடிக்க நல்ல ஆன்டெனாவும் பொறுமையும் பழகிய காதும் வேண்டும்.

இவர்களுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. ஹாம்களே இல்லாத தீவுக்குக் கருவிகளைச் சுமந்துபோய், சில வாரங்களுக்குத் தற்காலிக நிலையம் போடுவார்கள். உலகம் முழுக்க உள்ள ஹாம்கள் அந்தத் தீவோடு பேசக் காத்துக் கிடப்பார்கள்.

2004 டிசம்பரில் அப்படித்தான் போர்ட் பிளேரில் ஒரு நிலையம் இயங்கியது. ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு அது. தலைமை தாங்கியவர் பாரதி பிரசாத் என்ற பெண்மணி. அந்தமானில் ஹாம் நிலையம் நடத்த 1987க்குப் பிறகு அனுமதி கிடைக்காமல் இருந்தது. பல வருடம் விடாமல் முயன்று வாங்கினார்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு நிலநடுக்கம். இங்கே தாம்பரத்தில் நம் வீட்டுக் கட்டிலும் ஆடியது. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

கடல் வந்தபின் தீவுகளில் தொலைபேசி செத்துப்போனது. கார் நிகோபார் விமானப்படைத் தளத்திலிருந்து தீவு மூழ்குகிறது என்ற செய்தி சென்னைப் பிரிவுக்கு வந்து சேர்ந்ததும் வானொலியில்தான். பிறகு நிவாரண விமானங்கள் நம் தாம்பரம் தளத்திலிருந்து பறந்தன.

போர்ட் பிளேரில் பாரதியின் குழு விளையாட்டை அன்றே நிறுத்திவிட்டு அவசரச் செய்திப் பணியில் இறங்கியது. சென்னையிலிருந்து சுமார் 1,360 கி.மீ. தூரம். அதற்கு நிலா தேவையில்லை. சிற்றலை, வானத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுக் கடலைத் தாண்டி வந்துவிடும். "உங்கள் பிள்ளை உயிரோடு இருக்கிறார்" என்ற ஒரு வரிக்காக எத்தனை குடும்பங்கள் தவித்திருக்கும்! அந்தச் செய்திகளை இங்கேயிருந்த ஹாம்கள் வாங்கிச் சேர்த்தார்கள். பின்னர் கார் நிகோபாரிலும் நிலையம் போட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கருவிகளை யாரும் சுனாமிக்காகக் கொண்டுபோகவில்லை. பொழுதுபோக்குக்காகத்தான் போயின. ஆனால் ஆன்டெனா ஏற்றத் தெரிந்த கை, இரைச்சலுக்குள் குரலைப் பிரித்தெடுக்கும் காது, எதிர்முனையில் எப்போதும் ஒருவர் விழித்திருக்கும் பழக்கம், இவையெல்லாம் ஆபத்து வந்த அன்று காலையில் கற்றுக்கொள்ளக்கூடியவை அல்ல. பிரயோஜனம் இல்லாத நாட்களில் பழகியதால்தான் வேண்டிய நாளில் உதவின.

இதையெல்லாம் அவனிடம் சொல்லி, "நான் அன்னிக்குச் சொன்னது தப்புப்பா" என்றேன். சிரித்துக்கொண்டே, "என் பொண்ணு இப்ப இதே கேள்வி கேக்குறா சார்" என்றான். 12 வயது நிறைந்தால் உரிமத் தேர்வு எழுதலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விசித்திரமாக ஏதாவது கேட்டால், "யாருக்குப் பிரயோஜனம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டுவிட்டு வருந்தியவன் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் வாத்தியார்