உலக்கை எலும்பின் வரலாறு

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், தமிழகமும் கேரளமும் சந்திக்கும் எல்லையூர் கோவிந்தாபுரம். அதனை அடுத்த முதலமடை மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. மரமேறிப் பிழைப்போர் கால் ஊன்றி வீழ்ந்தால், உடலின் பாரமெல்லாம் கணுக்காலில் இறங்கி, கீழ்க்கால் எலும்பின் அடிமுனை நொறுங்கிவிடும். 1911-இல் லியோன் நகரத்து மருத்துவர் எத்தியேன் தெஸ்தோ அம்முனைக்குப் 'பிலோன்' எனப் பெயரிட்டார். பிரெஞ்சு மொழியில் அதற்கு உலக்கை என்று பொருள். நெல் குத்திய மரபினரான நேயர்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை.

நேராக முறிந்த எலும்பை நம் நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிச் சேர்த்ததுண்டு. ஆனால் மூட்டின் பரப்பே சிதறினால் கட்டு மட்டும் போதாது. பரப்பு ஒழுங்காகப் பொருந்தாவிடின் நடையில் நோவும் நொண்டலும் தங்கிவிடும்.

1969-இல் சுவிட்சர்லாந்தின் ரூடியும் ஆல்கோவரும், காலைத் திறந்து, துண்டுகளைப் பொருத்தி, உலோகத் தகடு பதிக்கும் முறையால் நற்பயன் கண்டதாக வெளியிட்டனர். அவர்தம் நோயாளிகளுட் பலர் பனிச்சறுக்கில் வீழ்ந்தோர். வாகன விபத்திலும் பெரு வீழ்ச்சியிலும் நொறுங்கிய கால்களுக்கு அதே முறையைக் கையாண்டபோது, புண் ஆறாமலும் சீழ் பிடித்தும் பலர் துன்புற்றனர். காரணம் எளிது: அவ்விடத்தில் எலும்பின்மேல் சதை இல்லை, தோலே போர்வை. வீங்கிய தோலை அகலக் கீறினால் அது அழுகிவிடும்.

ஆகவே பொறுமையே மருந்தாயிற்று. முதலில் வெளிச்சட்டத்தால் காலை நிலைநிறுத்தி, வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் தோன்றும் வரை காத்திருந்து, பின்னரே எலும்பைச் சீராக்கும் இருபடி முறை 1999-இல் அமெரிக்க அறிக்கைகளால் வலுப்பெற்றது. சிறு கீறல்களின் வழியே, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, தகட்டைத் தோலுக்கடியில் நுழைத்துத் திருகாணியிடும் முறையும் அக்காலத்தே வளர்ந்தது. மூட்டுப் பரப்பு மிகச் சிதறியிருப்பின் இன்றும் பெருங்கீறல் தேவைப்படலாம்.

தோல் கிழிந்த முறிவு இன்னும் கடினம். 1978-இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பெற்ற கங்கா மருத்துவமனையில் எலும்பு மருத்துவரும் ஒட்டறுவை மருத்துவரும் ஒருங்கே இத்தகைய காயங்களைக் கவனிக்கின்றனர். காலைக் காக்க இயலுமா, அகற்ற வேண்டுமா எனக் கணிக்க அங்கு வகுத்த மதிப்பெண் முறை 2006-இல் வெளியாகி உலகின் கவனத்தைப் பெற்றது.

அயல் மாநிலங்களில் கட்டடச் சாரத்தின்மேல் உழைக்கும் நம்மவர்க்கும் இவ்வரலாறு உரியதே. வீழ்ந்தவரை உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். அங்கே வீக்கம் வடியட்டுமென மருத்துவர் காத்திருந்தால், அது காலைக் காக்கும் காலமென்று உணர்தலும் வேண்டும்.