பர்மாவில் விட்டுவந்த வயல்கள்



சென்ற மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் சுற்றியது: வெளிநாட்டில் விளைநிலம், ஏக்கர் கணக்கில், தவணை முறையில். மறுநாள் லிஃப்ட் வாசலில் பக்கத்து பிளாக் நண்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க பேங்க்ல இருந்தவர். வாங்கலாமா?" என்றார். நான் கடன் பிரிவில் லெட்ஜர் எழுதிய குமாஸ்தா. முதலீட்டு நிபுணன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் நம்மவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய அனுபவம் உண்டு. அதைச் சொல்கிறேன், முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் காலடி மண்ணிலிருந்து தொடங்குவோம். 1763-இல் ஆற்காடு நவாப் முகம்மது அலி, போர்களில் தனக்குத் துணை நின்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செங்கல்பட்டுப் பகுதியை ஜாகீராகக் கொடுத்தார். நிலவரி இனி கம்பெனிக்கு. கம்பெனி அதை நவாபுக்கே குத்தகைக்கு விட்டுப் பணம் வாங்கியது. 1780-க்குப் பிறகு தானே நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. அதாவது, நாம் குடியிருக்கும் மாவட்டமே ஒரு காலத்தில் அயல்நாட்டு வியாபாரிகளின் முதலீடு! அந்த முதலீடு நிலைத்ததற்குக் காரணம் காகிதம் அல்ல, கம்பெனியிடம் இருந்த படை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய பலம் குறைந்ததும் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது.

படை இல்லாமல், பத்திரத்தை மட்டும் நம்பிக் கடல் கடந்தவர்களின் கதை வேறு. 1852-இல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு உலகச் சந்தை விரிந்தது. ஐராவதி முகத்துவாரத்தில் காடு திருத்தி வயலாக்க விவசாயிக்குப் பணம் தேவைப்பட்டது. வெள்ளைக்கார வங்கிகள் அவனுக்குக் கடன் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் நம் நாட்டுக்கோட்டை நகரத்தார். ரங்கூனில் 'கிட்டங்கி' என்ற பொது இடத்தில் பெட்டகமும் கணக்குப் புத்தகமுமாகப் பல கடைகள் நடந்தன. நிலம்தான் ஈடு.

அவர்கள் நிலம் வாங்கப் போனவர்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள். வட்டி வந்தால் போதும், வயல் வேண்டாம் என்பதே அவர்கள் வழக்கம். 1930-இல் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை பாதிக்குப் பாதி விழுந்தது. விவசாயியால் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் பெயருக்கு மாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். 1938-இல் சுமார் 25 சதவீதம்! ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர். எங்கள் வங்கிப் பாஷையில் இது சொத்து அல்ல, வாராக்கடன். பேரேட்டில் பெரிய தொகை இருக்கும்; கல்லாவில் ரொக்கம் இருக்காது. தன் வயலிலேயே குத்தகைக்காரனாகிவிட்ட பர்மிய விவசாயியின் கோபத்தை எந்தப் பேரேடும் பதிவு செய்யவில்லை.

இன்னொன்று. பணம் போட்ட காலத்தில் பர்மா வெளிநாடே அல்ல. பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937 ஏப்ரல் 1 அன்று அது தனியாகப் பிரிக்கப்பட்டது. வயல் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லைக்கோடு மட்டும் நகர்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்திருந்தது. அவ்வளவு நம்பிக்கை!

1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள்; பலர் காட்டு வழியே நடந்தே வந்தார்கள், வழியில் மாண்டவர்களும் ஏராளம். 1948-இல் பர்மா சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962-இல் ராணுவ ஆட்சி; அடுத்து வணிகமும் அரசுடைமை. பத்திரங்கள் செட்டிநாட்டுப் பெட்டகங்களில் பத்திரமாகத்தான் இருந்தன. வயல்தான் கைவிட்டுப் போயிற்று.

இதில் பர்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் நாட்டிலும் வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க அனுமதி இல்லை. பரம்பரைச் சொத்தாக வந்தால் சரி. சொந்த நாட்டிலேயே, வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த நிலை. சோறு போடும் மண்ணை எந்த நாடும் எளிதில் அடுத்தவரிடம் விடுவதில்லை.

ஆகவே நண்பரே, கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். அந்நியர் பெயரில் விளைநிலம் பதிய அங்கே சட்டம் இடம் தருகிறதா? கிடைப்பது கிரயமா, வெறும் குத்தகையா? விற்ற பணத்தை இங்கே கொண்டுவர முடியுமா? தகராறு வந்தால் வழக்கு எந்த ஊர் கோர்ட்டில்? ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஓராண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாடு அனுப்பலாம். அனுப்புவது சுலபம். திரும்பி வருவதைப் பற்றித்தான் செட்டிநாட்டின் பூட்டிய வீடுகளைக் கேட்க வேண்டும்.