வானவழியும் வாவிக்கரையும்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த திமிலைத்தீவில் விமானத்தளம் திறக்கப்பட்ட ஆண்டு 1958. அதே வாவியில், படுவான்கரையையும் எழுவான்கரையையும் இணைக்க மண்முனைத் துறையில் பாலம் எழுந்த ஆண்டு 2014. இடைப்பட்ட 56 ஆண்டுகளும் அத்துறையில் மக்களும் மூடைகளும் படகுப்பாதைக்காகக் காத்துநின்றனர். நாட்டின் போக்குவரத்து யாருக்காகத் திட்டமிடப்பட்டது என்று இவ்விரு ஆண்டுகளையும் வைத்துக் கேட்பது தவறாகாது.

சிறு விமானம் வாவிக்கரையின் விளைபொருளைக் கொழும்புக்குக் கொண்டுசேர்க்கும் என்று பேசுவோர் கணக்கையும் பார்த்தல் வேண்டும். இவ்வகைப் பணியில் உலகெங்கும் பெயர்பெற்ற செஸ்னா கரவன் விமானம் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் சுமக்கும். அறுபத்தைந்து கிலோ நெல்மூடையானால் இருபத்துமூன்று. ஒரு மாட்டுவண்டிக்காரர் கேட்டால் சிரிப்பார்! பத்துத் தொன் லொறி நூற்றைம்பதுக்கு மேல் ஏற்றிச்செல்லும். 1928இலேயே மட்டக்களப்பை எட்டிவிட்ட புகையிரதமோ அதனினும் பன்மடங்கு சுமக்கும். விமானியின் ஊதியம், எரிபொருள், இயந்திரப் பராமரிப்பு அனைத்தும் அந்த ஒன்றரைத் தொன்னின் தலையிலேயே விழுகின்றன. திரும்பும் பயணம் வெறுமையாயின் செலவு ஏறக்குறைய இரட்டிக்கும்.

அப்படியாயின் சிறு விமானச் சரக்கு எங்கே வேரூன்றியது? நியூகினியைப் பாருங்கள். 1930களின் தொடக்கத்தில், கடலோர லே நகரிலிருந்து மலைகளுக்கப்பாலுள்ள புலோலோவுக்குப் பொன் அகழும் பாரிய தூர்வாரிகளைப் பகுதி பகுதியாகக் கழற்றி, ஜங்கர்ஸ் விமானங்களில் ஏற்றினார்கள். காட்டுவழி நடந்தால் பல நாட்கள். பறந்தால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. வீதி இல்லை, பொன் இருந்தது. அச்செலவைத் தாங்கியது அந்தப் பொன்னே. அதன் இலாபம் அம்மண்ணின் மக்களுக்குப் போகவில்லை என்பதைச் சொல்லவேண்டுமா?

அலாஸ்காவிலே நிலைமை வேறு. அங்கே வீதியற்ற சிற்றூர்களுக்கு மாவும் சீனியும் தபால் கட்டண விகிதத்தில் விமானத்திற் செல்கின்றன. நட்டத்தை அமெரிக்கத் தபால்துறை ஏற்கிறது. தனியார் உடைமையைப் போற்றும் அந்நாடே பொதுப்பணத்தால்தான் அவ்வூர்களுக்கு உணவு அனுப்புகிறது. பெடெக்ஸ் நிறுவனத்தின் கிளைப்பறப்புகளிலோ விமானம் பெருநிறுவனத்துக்குச் சொந்தம். விமானிக்குக் கூலி கொடுப்பவர் சிறு ஒப்பந்தக்காரர். பெருவிமானம் காத்திருக்கும் மையத்துக்கு அவசரப் பொதிகளைச் சேர்ப்பதே அவ்விமானத்தின் பணி. மையம் இல்லையேல் கிளை இல்லை.

மட்டக்களப்பில் இவற்றுள் எது உண்டு? 1983இல் தளம் விமானப்படையின் கைக்குப் போயிற்று. போர்க்காலத்தில் வணிகச் சரக்கைப் பற்றிப் பேச எவருமிலர். 2018இல் அது மீண்டும் உள்நாட்டுப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. பின்னர் வருவோர் பெரும்பாலும் பாசிக்குடாவை நாடும் உல்லாசப் பயணிகளே.

நெல்லை விடுவோம். வாவியின் நண்டும் இறாலும் எடை குறைந்தவை, விலை கூடியவை, விரைவில் அழுகுபவை. விமானம் ஏறத் தகுதியுள்ள சரக்கு இவையே. ஆயினும் கடல்கடந்த சந்தைக்குரிய சரக்கு கட்டுநாயக்கவை அடையவேண்டும். இரத்மலானையில் இறங்கினால் மீண்டும் லொறிதான். அதற்கும் முன்னால் கரையிலே பனிக்கட்டி வேண்டும், குளிரறை வேண்டும். அவை முதலாளியின் கையில் இருக்கும்வரை, விடியலில் வலை இழுத்தவன் அவர் சொன்ன விலைக்கே கூடையை இறக்கிவைப்பான். நண்டு ஒரு மணி நேரத்தில் கொழும்பு சேர்ந்தாலும் அந்த விலையில் ஒரு சதமும் ஏறாது. ஒரு விமானத்தின் விலையில் எத்தனை பனிக்கட்டி ஆலைகளை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கட்டிக்கொடுக்கலாம் என்ற கணக்கை இனி யாராவது போடட்டும்.