‘பேசுறது நான்தான், என் கேரக்டர் இல்ல’: ஆன்லைன் ரோல்பிளேயில் ‘ஓஓசி’ என்றால் என்ன? ஏன் அது இவ்வளவு முக்கியம்?

கொல்லிமலை சோளக்காட்டில் இருக்கும் ஓர் இளைஞர், இரவு 10 மணிக்கு ஒரு ஜிடிஏ ரோல்பிளே சர்வரில் நகைக்கடைத் திருடனாக ஓடிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் போலீஸ் கார் துரத்துகிறது. அந்தப் போலீஸ்காரர் நிஜத்தில் துபாயில் வேலை பார்க்கும் இன்னொரு தமிழர். பிடிபடப்போகும் நேரம் பார்த்து மலையில் நெட் போய்விடுகிறது. திருடன் அப்படியே காற்றில் மறைந்துவிடுகிறான்.

துபாயில் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? “மாட்டிக்கப் போறோம்னு தெரிஞ்சதும் கட் பண்ணிட்டு ஓடிட்டான்” என்றுதான் நினைப்பார். இப்படி ஓடுவதற்கு ‘காம்பாட் லாகிங்’ என்று தனிப் பெயரே உண்டு. பல சர்வர்களில் இதற்குத் தண்டனை, ஆளைத் தடை செய்வது வரை போகும்.

சிக்னல் வந்ததும் அந்த இளைஞர் சாட்டில் ஒரு வரி டைப் செய்கிறார்: ((சாரி ப்ரோ, இங்க நெட் போயிடுச்சு. விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்கலாமா?))

இரட்டை அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த வரியைத் திருடன் பேசவில்லை. திருடனாக நடிப்பவர் பேசுகிறார். இதுதான் ‘அவுட் ஆஃப் கேரக்டர்’, சுருக்கமாக ஓஓசி. வேஷத்துக்குள் இருந்தபடி பேசுவது ‘இன் கேரக்டர்’, அதாவது ஐசி.

ரோல்பிளே என்பது என்ன?

வழக்கமான கேமில் ஜெயிப்பதுதான் குறி. ரோல்பிளேயில் அப்படி இல்லை. ஆளுக்கொரு வேஷம்: ஒருவர் டாக்டர், ஒருவர் மெக்கானிக், ஒருவர் ரவுடி. கதையை யாரும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. எல்லோரும் பேசப் பேச அது நகர்கிறது. 2013ல் வெளியான ஜிடிஏ 5 கேமை ‘ஃபைவ்எம்’ என்ற மென்பொருள் வழியாகத் தனி சர்வர்களில் ஓட்டித்தான் இந்த ஆட்டம் இந்தியாவில் பெரிதாகப் பிரபலமானது. ராப்லாக்ஸில் இருக்கும் ‘புரூக்ஹேவன்’ போன்றவற்றைப் பள்ளிப் பிள்ளைகள் மொபைலிலேயே ஆடுகிறார்கள். கிராபிக்ஸ் எதுவும் இல்லாமல் டிஸ்கார்டிலும் டெலிகிராமிலும் வெறும் எழுத்தாலேயே ஆடும் குழுக்களும் ஏராளம்.

எழுத்தில் ஆடும்போது ஓஓசிக்கு இரட்டை அடைப்புக்குறி போடுவது பழைய வழக்கம். ஜிடிஏ சர்வர்களில் சாய்கோடு போட்டு ஓஓசி என்று தட்டிவிட்டு எழுதுவார்கள். டிஸ்கார்ட் குழுக்களில் ஓஓசிக்கென்றே தனி அறை இருக்கும். கதை ஓர் அறையில் ஓடும், “நாளைக்கு எக்ஸாம், வர மாட்டேன்” என்பது அடுத்த அறையில் வரும்.

‘தலை வெடிச்சிடுச்சு’: இதுவும் ஓஓசிதான்

சில சர்வர்களில் மைக்கில் ஓஓசி பேசவே கூடாது. வாய் திறந்தால் கேரக்டராகத்தான் பேச வேண்டும். அப்போது கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் எப்படிச் சொல்வது? அதற்குத்தான் ஆட்டக்காரர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். நோபிக்சல் என்ற பிரபலமான ஆங்கில சர்வரில் கேம் கிராஷ் ஆனால் “தலை வெடித்துவிட்டது” என்பார்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்யப்போகிறார்கள் என்றால் “சுனாமி வருகிறது” என்பார்கள். சொல்வது கேரக்டர், செய்தி ஆட்டக்காரருடையது. கதையும் உடையாது, தகவலும் போய்ச் சேரும். (2004ஐ மறக்காத நாகப்பட்டினத்துக்காரர் காதில் அந்த இரண்டாவது சொல் வேறு மாதிரிதான் விழும்.)

வெளியே தெரிந்ததை உள்ளே பயன்படுத்தினால்?

அதுதான் ரோல்பிளேயில் பெரிய குற்றம். பெயர் ‘மெட்டாகேமிங்’. எதிர் கும்பல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர்களுடைய யூடியூப் லைவைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, கேரக்டர் தானே கண்டுபிடித்த மாதிரி அங்கே போய் நிற்பது. அல்லது ஓஓசி அறையில் நண்பர் உளறிய ரகசியத்தை வைத்துக் கதைக்குள் அவரையே மாட்டிவிடுவது. சர்வர் சண்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

நியாயமாகக் கண்டுபிடிப்பது எப்படி என்பதற்குக் கொல்லிமலையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரியைப் பற்றிய புறநானூற்றின் 152வது பாட்டு. காட்டில் ஒரு வேடன். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துக்கொண்டு போகிறது. பார்த்துக்கொண்டிருந்த புலவர் வன்பரணருக்குச் சந்தேகம்: ஆளைப் பார்த்தால் சாதாரண வேடன் மாதிரி இல்லையே, இவன் ஓரியாக இருப்பானோ? தன் கூட்டத்தாரைப் பாடச் சொல்கிறார். பாட்டில் அரசன் என்ற விளி வந்ததும் வேடன் நாணப்படுகிறான். பிறகு மான் இறைச்சியும் பொன்னும் கொடுத்து அனுப்புகிறான். புலவர் யாரிடமும் போய் விசாரிக்கவில்லை. கண்முன்னே நடந்ததை வைத்தே வேஷத்துக்குப் பின்னால் இருந்த ஆளைக் கண்டுபிடித்தார். இன்றைய சர்வர் அட்மின் யாரும் இதை மெட்டாகேமிங் என்று சொல்ல முடியாது.

1993ல் நடந்தது என்ன?

ஓஓசி வெறும் நாகரிகம் சார்ந்த விஷயமாகத் தெரியலாம். அது அதற்கு மேல் என்று உலகத்துக்குப் புரிய வைத்தது ‘லாம்ப்டாமூ’ சம்பவம். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978ல் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்டிலும் உருவாக்கிய ‘மட்’ என்ற எழுத்து கேமின் வழி வந்தது லாம்ப்டாமூ. அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் பாவெல் கர்டிஸ் 1990ல் தொடங்கினார். படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான்.

1993ல் ஒருநாள் ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற கேரக்டரை இயக்கியவர், மற்றவர்களின் கேரக்டர்கள் செய்யாததைச் செய்தது போல எழுத வைக்கும் ஒரு புரோகிராமைப் பயன்படுத்தினார். எல்லோரும் கூடியிருந்த அறையில், வேறு சிலரின் கேரக்டர்கள் மீது பாலியல் வன்முறை நடப்பதாக வரி வரியாகத் திரையில் ஓடவிட்டார். பாதிக்கப்பட்ட ஒருவர் அதைப் பற்றி எழுதும்போது நிஜத்தில் அழுதுகொண்டிருந்தார் என்று பத்திரிகையாளர் ஜூலியன் டிபெல், அதே ஆண்டு ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் பதிவு செய்தார். பிறகு கேரக்டர்களுக்குப் பின்னால் இருந்த ஆட்கள் ஆன்லைனிலேயே கூடி மணிக்கணக்கில் விவாதித்தார்கள். முடிவு எட்டவில்லை. கடைசியில் ஒரு நிர்வாகி தன் பொறுப்பில் அந்தக் கேரக்டரை நீக்கினார்.

“கேரக்டர்தானே செய்தது” என்ற பதில் அன்றைக்கே எடுபடவில்லை. அடிபட்டது கேரக்டர் என்றாலும் கண்ணீர் ஆட்டக்காரருடையது. இப்படி ஐசியில் நடப்பது ஆட்டக்காரரின் மனதுக்குள் கசிவதை ரோல்பிளே உலகில் ‘ப்ளீட்’ என்கிறார்கள். நல்ல குழுக்கள் இதற்கு முன்கூட்டியே வழி வைத்திருக்கின்றன. மோசமான சீன் வரப்போகிறது என்றால் முதலில் ஓஓசியில் கேட்பார்கள்: ((கடத்தல் சீன் ஓகேவா? எது வேண்டாம்னு சொல்லுங்க)). நேரில் கூடி ஆடும் ரோல்பிளேயில் “கட்” என்று ஒருவர் சொன்னால் அந்த நொடியே எல்லாம் நிற்கும், காரணம் கேட்கக் கூடாது. சீன் முடிந்ததும் பத்து நிமிடம் சாதாரணமாகப் பேசிவிட்டுத்தான் கலைவார்கள்.

துச்சாதனன் ஏன் மன்னிப்பு கேட்கிறான்?

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கினால் வரும் நாமக்கல், சேலம் பக்கத்து ஊர்களில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது பழகிய விஷயம்தான்.

கூத்தில் ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும். கட்டியங்காரன் “நீங்க யாரு, எந்த நாடு?” என்று கேட்பான். ராஜா தன் பேர், ஊர், பெருமை எல்லாம் சொல்லித்தான் சபைக்குள் வருவார். அது சுத்தமான ஐசி. ஆனால் கேள்வி கேட்கும் கட்டியங்காரனோ ஒரு கால் கதைக்குள்ளும் ஒரு கால் ஊருக்குள்ளும் வைத்திருப்பவன். துரியோதனனுக்கு வணக்கம் சொன்ன வாயாலேயே பஸ் கட்டணத்தைக் கிண்டலடிப்பான். நடுவில் யாராவது பணம் கொடுத்தால் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் சொல்லி வாழ்த்திவிட்டு, மறுபடி அஸ்தினாபுரத்துக்குள் போய்விடுவான். சபை குழம்புவதே இல்லை. குரலையும் நிற்கும் தோரணையையும் வைத்தே எது கதை, எது ஊர் விஷயம் என்று புரிந்துகொள்ளும்.

இதில் உச்சம் திரௌபதி துகிலுரியும் கட்டம். திரௌபதி அம்மன் திருவிழாக்களில் ஆடும்போது அது வெறும் நாடகக் காட்சி இல்லை. சேலையில் கை வைப்பவர், ஊரே கும்பிடும் அம்மன் மீது கை வைக்கிறார். அதனால் அந்த இடத்தில் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேஷம் கட்டியவர், துச்சாதனனாக இல்லாமல் ஒரு பக்தனாக, “தாயே, நான் செய்யல, வேஷம் செய்யுது, மன்னிச்சிடு” என்ற பொருளில் வேண்டிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் சேலையில் கை வைப்பார். சாமி வந்து மயங்கி விழும் ஆட்டக்காரர்களும் உண்டு, தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் தயாராக நிற்கும்.

கதையில் மிகக் கொடுமையான இடம் எதுவோ, அங்கேதான் வேஷத்தைச் சற்றே விலக்கி ஆள் வெளியே வருகிறார். பார்ப்பவர்களுக்கும் எதிரே நிற்கும் சக நடிகருக்கும் முன்னால், இது வேஷம்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போகிறார். 1993க்குப் பிறகு ஆன்லைன் குழுக்கள் விதியாக எழுதி வைத்ததைக் கூத்து அதற்கு வெகு காலம் முன்பே சடங்காக வைத்திருந்தது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கூத்தில் வேஷக்காரர் யார், எந்த ஊர் என்று சபைக்குத் தெரியும். விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு அதே தெருவில் டீ குடிப்பார். ஆன்லைனில் எதிரே இருப்பவருக்கு 14 வயதா 40 வயதா என்பதே தெரியாது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

ஐசியில் துப்பாக்கி, ரத்தம் என்று பார்த்துப் பெற்றோர் பயப்படுகிறார்கள். உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியது ஓஓசி பக்கம்தான். கதையில் அண்ணனாக நடித்தவர், ஓஓசி அறையில் “நிஜப் பேர் என்ன, எந்த ஸ்கூல், போட்டோ அனுப்பு” என்று கேட்கத் தொடங்குவதும், “இந்தக் குரூப்ல வேண்டாம், தனியா வா” என்று இழுப்பதும், “வீட்ல சொல்லாத” என்பதும் விளையாட்டின் பகுதி இல்லை. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தந்திரம் நடக்கிறது. மிரட்டலையும் ஆபாசத்தையும் ஐசியில் பேசிவிட்டு, கேட்டால் “சும்மா ரோல்பிளே” என்று தப்பிப்பது. “வேண்டாம்” என்று ஓஓசியில் ஒருவர் சொன்ன பிறகும் அது தொடர்ந்தால், அந்த நொடியிலிருந்து அது ரோல்பிளே இல்லை.

சட்டத்துக்குக் கேரக்டர் என்று ஒருவர் கிடையாது. டைப் செய்தவர்தான் பேசியவர். 2012ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகள், ஆன்லைனில் நடக்கும் பாலியல் தொல்லையும் அதற்குள் வரும். 2025ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் வேறு விஷயம். அது தடை செய்தது பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை. பணம் வைக்காத ரோல்பிளே அந்தத் தடையில் வராது.

பிள்ளையிடம் போனைப் பிடுங்குவதைவிட, “உன் சர்வர்ல ஓஓசி ரூல் என்ன? அட்மின் யாரு? பிடிக்காத சீன் வந்தா எப்படி நிறுத்துவ?” என்று கேட்பது பயன் தரும். பதில் டக்கென்று வந்தால் அது ஒழுங்காக நடக்கும் குழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். “அப்படி ரூல் எதுவும் இல்ல” என்றால் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம்.

தொல்லை நடந்துவிட்டால் கோபத்தில் சாட்டை அழித்துவிடக் கூடாது. ஐசி, ஓஓசி இரண்டையும் தேதி, நேரம், யூசர்நேம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். அதன் பிறகு பிளாக் செய்யலாம். மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பணம் பறிபோயிருந்தால் 1930க்கு உடனே அழைக்க வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, 24 மணி நேரமும் இயங்கும்.