தாகூர் வீட்டு வகுப்பறை

பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? ஹோம்ஸ்கூலிங் பற்றி யோசிக்கிற பெற்றோருக்கு எப்பவும் ரெண்டு மனசு. நூறு வருஷத்துக்கு முன்னாடி அப்படி ஒரு அப்பா இருந்தார்: ரவீந்திரநாத் தாகூர்.

அவருக்குச் சின்ன வயசுலேயே பள்ளிக்கூடம்னா ஆகாது. பெரும்பாலும் வீட்டு ஆசிரியர்களிடம்தான் படித்தார். லண்டனுக்குப் படிக்கப் போயும் பட்டம் வாங்காமல் திரும்பினார். அதனால, 1890-களின் கடைசியில் பத்மா நதிக்கரை ஷிலைதஹாவில் குடும்பத்தோட இருந்தப்போ, பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வகுப்பு நடந்தது. இங்கிலீஷுக்கு லாரன்ஸ்னு ஒரு வெள்ளைக்காரர். கணக்குக்கு ஜமீனில் வேலை பார்த்த ஜகதானந்த ராய். அப்பாவும் பாடம் எடுத்தார்.

ஆனா கதை அங்க முடியல. 1901 டிசம்பரில் சாந்திநிகேதனில் அவரே ஒரு பள்ளி தொடங்கினார். ஐந்தே மாணவர்கள், அதில் ஒருவர் மூத்த மகன் ரதீந்திரநாத். செலவுக்கு மனைவி மிருணாளினி நகைகளைக் கொடுத்தார். 1906-ல் அதே மகனை விவசாயம் படிக்க அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்.

ஜமீன், சம்பளத்துக்கு ஆசிரியர்கள் எல்லாம் இருந்தும், பிள்ளையை நாலு பேரோட உட்கார வெச்சார்; பட்டத்துக்கும் வழி விட்டார். வீட்டு வகுப்பு வீண்னு இதுக்கு அர்த்தம் இல்ல. அங்க பாடம் எடுத்த ஜகதானந்த ராய்தான் சாந்திநிகேதனிலும் ஆசிரியர் ஆனார்.

நீங்க தொடங்கப் போறீங்கன்னா ரெண்டு கேள்விக்குப் பதில் வெச்சுக்கோங்க: கூடப் படிக்க, விளையாட யாரு? பரீட்சை எந்த வழியில? தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாவது எழுத 14 வயசு ஆகியிருக்கணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.