மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்க விழைவோர், அது பந்தயத் திடலுக்கு உகந்ததோ காட்டுப் பாதைக்கு உகந்ததோ என ஆராய்வது பிறதேசங்களில் உண்டாயினும், 1990 ஜூனில் இலங்கையின் உள்நாட்டு யுத்தம் மீண்டும் மூண்டு, அரசின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரும்பொருளாகிவிட்ட யாழ்ப்பாணத்திலோ, அது மண்ணெண்ணெயில் ஓடுமா என்பதே முதற்கேள்வியாயிற்று. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாதாதலின், சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்கு ஊட்டி, உதைத்துக் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். கரி படிந்த பிளக்கை வழியில் கழற்றித் தேய்த்துப் பூட்டுவதும் பிரயாணத்தின் ஓர் அங்கமாயிற்று. இத்தகைய சூழ்நிலையில் வேகமும் சக்தியும் இரண்டாம் பட்சமாகி, எரிபொருட் சிக்கனமும், உள்ளூர்த் திருத்துநர் கைக்கு அடங்கும் எளிமையுமே உத்தம லட்சணங்களாக மதிக்கப்பட்டன. எனினும், எண்ணெயே வேண்டாத சைக்கிள்தான் அவ்வாண்டுகளில் குடாநாட்டு வீதிகளை ஆண்டது.