சொன்ன விலையும் படிந்த விலையும்: எம்1 கேரண்ட் துப்பாக்கியை மதிப்பிடுதல்

அமெரிக்காவின் பழைய ராணுவத் துப்பாக்கிச் சந்தையில் எம்1 கேரண்டுக்கு இன்று கண்ணில் படும் விலைகளில் பல, அது விற்கும் விலையல்ல. விற்காமல் கிடக்கும் விலை. நியாயமாக விலை வைத்த துப்பாக்கி சீக்கிரமே கைமாறிவிடுகிறது. மிகையாக விலை வைத்ததோ மாதக்கணக்கில் கடைச் சுவரிலும் இணைய விற்பனைப் பட்டியலிலும் நிற்கிறது. எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் அதிகம் எதிர்ப்படுவது இந்த இரண்டாவது வகைதான். அவற்றின் சராசரியைச் சந்தை விலை என்று கொள்பவர், வாங்க ஆளில்லாத விலைகளின் சராசரியையே எடுக்கிறார். அடுத்து விற்க வருபவரும் அதைப் பார்த்தே தன் விலையை எழுதுவதால் பிழை பெருகுகிறது. முடிந்த விற்பனைகளில் படிந்த விலையே சான்று. ஏலமாக இருந்தால், அந்தத் தொகையில் ஏல நிறுவனத்தின் கமிஷன் சேர்ந்திருக்கிறதா என்றும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதிக விலைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், துப்பாக்கி அரிது என்பது. இந்த வாதம் நிற்காது. ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலையில் ஜான் கேரண்ட் வடிவமைத்து, 1936-ல் அமெரிக்கத் தரைப்படை ஏற்றுக்கொண்ட இந்தத் துப்பாக்கி 50 லட்சத்துக்கும் மேல் தயாரானது. வின்செஸ்டர் நிறுவனம் செய்தவை மட்டுமே ஏறக்குறைய 5,13,000. 1950-களில் டிராக்டர் செய்துவந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் உற்பத்தியில் இறங்கியது.

மேலும், 1996-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவான சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம், ராணுவத்திடமிருந்து வந்த கேரண்டுகளைத் தரம் பிரித்து, விலையை வெளிப்படையாக அறிவித்து, தகுதியுள்ள குடிமக்களுக்கு விற்கிறது. மதிப்பீட்டுக்கு இதைவிட உறுதியான அடித்தளம் இல்லை. காத்திருக்காமல் உடனே கிடைக்கிறது என்பதற்காகத் தனியார் விற்பனையாளர் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம். அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு டாலருக்கும் துப்பாக்கியிலேயே காரணம் தெரிய வேண்டும்.

அந்தக் காரணமாகப் பெரும்பாலும் முன்வைக்கப்படுவது, பாகங்கள் எல்லாம் அசல் என்ற கூற்று. இங்குதான் நிதானம் தேவை. கேரண்டில் வரிசை எண், துப்பாக்கியின் உலோக உடலான ரிசீவரில் மட்டுமே உண்டு. போருக்குப் பின் ராணுவப் பணிமனைகள் இவற்றைப் பிரித்து, நல்ல பாகங்களை எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தவை என்று பாராமல் சேர்த்து மறுபடி பூட்டின. ராணுவத்துக்கு வேண்டியது சுடும் துப்பாக்கி. சேகரிப்பாளர் பிறகு வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு குழலின் வலப்புறம் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால் படிக்கலாம். ரிசீவர் எண் 1942-ஐச் சேர்ந்தது, குழல் 1952-ஐச் சேர்ந்தது என்றால் அது பழுதுபார்த்துப் பூட்டியது. அதில் குறையொன்றுமில்லை, ஆனால் அதற்குத் தொழிற்சாலை அசலின் விலை கேட்பது முறையல்ல. மரக்கட்டையின் ஆய்வாளர் முத்திரையைப் புதிதாக அடித்துவிட முடியும் என்பதால், அதை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பது ஆபத்து.

பளபளப்பும் ஏமாற்றும். உள்ளே தேய்ந்த குழலை வெளிப்பூச்சு மறைத்துவிடும். குழலின் முகப்பிலும் தோட்டா அறையை ஒட்டிய தொண்டைப் பகுதியிலும் அளவுக் கருவியைச் செருகிப் பார்த்த தேய்வு எண்கள், விற்பவரின் ஐந்து பத்தி வர்ணனையைவிடப் பயன்படும்.

விலை உயர்வே பொய் என்பது இக்கட்டுரையின் வாதமல்ல. 2000-களில் நூறு டாலருக்கும் கீழே கிடைத்த ரஷ்ய மோசின்-நாகந்த், இறக்குமதி வற்றியதும் பல மடங்கு ஏறியது. கோடிக்கணக்கில் தயாரான துப்பாக்கிக்கே இது நடந்தது. வரத்து நின்றால் எண்ணிக்கை காப்பாற்றாது. ஆனால் அந்த ஏற்றம் முடிந்த விற்பனைகளிலேயே தெரிந்தது.

கடும் சோதனை வருவது குறிசுடுநர் வகைகளில். எம்1சி வகையில் ரிசீவரிலேயே தொலைநோக்கிக்கான துளைகள் இடப்பட்டன. போலி செய்வோர் அதற்காவது மெனக்கெட வேண்டும். எம்1டி வகையிலோ தொலைநோக்கியின் இருக்கை குழலில் அமைகிறது, ரிசீவரில் மாற்றமே இல்லை. அந்தக் குழல் கிடைத்தவர் எந்தக் கேரண்டையும் எம்1டி ஆக்கிவிடலாம். ஆகவே வரிசை எண்ணைக் குறிப்பிடும் அரசு விற்பனை ஆவணம் இல்லாத எம்1டி-க்குச் சாதாரணக் கேரண்டின் விலையோடு, குழலுக்கும் தொலைநோக்கிக்கும் உரிய உதிரிபாக விலையை மட்டுமே கூட்டலாம்.